மனசோடு கொஞ்ச நேரம்: அழ விடுங்கள், பேச விடுங்கள்



2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? எங்கள் எதிர்வீட்டு அக்காவுக்குத் தரைத்தளம். ஒரே ராத்திரியில் இடுப்பளவு தண்ணீர். மாமியாரையும் பிள்ளைகளையும் மாடிக்கு ஏற்றிவிட்டதே பெரும்பாடு. தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் மெத்தை, தையல் மெஷின், அரிசி மூட்டை, பீரோவில் இருந்த துணிமணி, எல்லாம் ஒரே சேறு. பார்க்கப் போன நாங்கள் அத்தனை பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னோம்.

"உயிர் தப்பிச்சதே பெரிசுக்கா. சாமான்தானே, வாங்கிக்கலாம். போனதையே நெனச்சிட்டு இருக்காதீங்க."

அக்கா தலையை ஆட்டிக்கொண்டார். சேற்றை வாரிக் கொட்டினார், சுவரைக் கழுவினார், பொங்கலுக்குள் வீட்டைப் பழையபடி ஆக்கிவிட்டார். 'எவ்வளவு தைரியசாலி!' என்று நாங்கள் மெச்சிக்கொண்டோம். ஆனால் அவருடைய பேச்சு மட்டும் நின்றுபோயிற்று. கேட்டால் பதில் சொல்வார், அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் எங்கள் தெருக்கோடிக் கோயிலில் கதாகாலட்சேபம். அரிச்சந்திரன் கதை. பாம்பு கடித்துச் செத்துப்போன பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு சந்திரமதி மயானத்தில் புலம்புகிற இடம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். திரும்பி வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"எனக்கு முதல்ல ஒரு பையன் இருந்தான். ரெண்டு வயசுல போயிட்டான். அவன் போட்டோ ஒண்ணே ஒண்ணுதான் எங்கிட்ட இருந்துச்சு. பீரோ கீழ்த்தட்டுல வெச்சிருந்தேன்."

'சாமான்தானே' என்று சொன்ன நாக்கை அன்றைக்கு நான் கடித்துக்கொண்டேன்.

ஒரு வருஷமாக எங்களிடம் சொல்ல முடியாததைச் சந்திரமதி எப்படிச் சொல்ல வைத்தாள்? யாருடைய கதையையோ கேட்டால் நம் கதை ஏன் வெளியே வருகிறது? இந்தக் கேள்வி எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. சிரியா நாட்டுப் பெண்கள் சிலர் போட்ட ஒரு நாடகத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு அதற்குப் பதில் கிடைத்தது. அதைத்தான் இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

மண்தரையில் ஒரு மகாராணி

அவர்கள் போட்டது புது நாடகம் அல்ல. ஏறக்குறைய 2,400 வருஷத்துக்கு முந்தையது. கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரத்தில் யூரிப்பிடிஸ் என்பவர் எழுதி, கி.மு. 415-இல் மேடையேறிய 'டிராய் நகரத்துப் பெண்கள்'.

டிராய் யுத்தத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஹெலன் என்ற அழகி, பத்து வருஷ முற்றுகை, மரக்குதிரை, அதன் வயிற்றுக்குள் ஒளிந்திருந்த வீரர்கள். பாடப்புத்தகம் அதோடு முடிந்துவிடும். 'கிரேக்கர்கள் ஜெயித்தார்கள்' என்று எழுதினால் மார்க்கும் கிடைத்துவிடும். ஜெயித்ததற்கு மறுநாள் என்ன நடந்தது? தோற்ற ஊரின் பெண்கள் என்ன ஆனார்கள்? யூரிப்பிடிஸ் அங்கேதான் ஆரம்பிக்கிறார்.

திரை விலகும்போது ஊர் எரிந்துகொண்டிருக்கிறது. ஆண்கள் எல்லோரும் செத்துவிட்டார்கள். நேற்று வரை மகாராணியாக இருந்த ஹெக்குபா, இன்றைக்கு வெறுந்தரையில் கிடக்கிறாள். புருஷன் போயாயிற்று, பிள்ளைகள் போயாயிற்று. வயசான காலத்தில் யார் வீட்டிலோ அடிமை வேலை செய்யப் போக வேண்டும். அவள் தனக்குத்தானே பேசிக்கொண்டு, தரையிலிருந்து தலையை மட்டும் மெல்லத் தூக்குகிறாள். அவளுடைய பேச்சே அந்தத் தலை தூக்கலில்தான் தொடங்குகிறது.

அவளைச் சுற்றி மற்றப் பெண்கள். எந்தப் பெண் எந்தத் தளபதிக்கு என்று ஜெயித்தவர்கள் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்கிறார்கள். தூதன் ஒருவன் வந்து ஒவ்வொரு பெயராகச் சொல்கிறான். மகள் கசாண்ட்ரா ஒருவனுக்கு. மருமகள் ஆண்ட்ரோமக்கி இன்னொருவனுக்கு. அவளுடைய புருஷன் ஹெக்டரைக் கொன்றவனின் மகனுக்கே அவள் போகவேண்டும்.

இந்த இடத்தில் மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்வதைப் படித்தால் நெஞ்சு அடைத்துப்போகும். 'செத்துப்போனவர்களே பாக்கியசாலிகள்' என்கிறாள் மருமகள். மாமியார் அவளைத் தேற்றுகிறாள். 'அழுது பிரயோஜனம் இல்லை. போகிற இடத்தில் அனுசரித்துப் போ. உன் பிள்ளையை எப்படியாவது வளர்த்து ஆளாக்கு. என்றைக்காவது அவன் வம்சம் இந்த ஊரைத் திரும்பவும் கட்டட்டும்' என்கிற பொருளில் பேசுகிறாள். எல்லாம் அழிந்த பிறகும் ஒரு பாட்டிக்கு வாழ்க்கையைத் திரும்பக் கட்டும் எண்ணம் பேரனைச் சுற்றித்தான் வருகிறது பாருங்கள்.

அந்த வார்த்தை முடிவதற்குள் தூதன் மறுபடியும் வருகிறான். அந்தக் குழந்தையைக் கோட்டை மதிலிலிருந்து தள்ளிவிட வேண்டும் என்று உத்தரவு. வளர்ந்தால் பழி வாங்குவானாம்!

தாயைக் கப்பல் கொண்டுபோய்விடுகிறது. குழந்தையின் உடம்பு பாட்டியிடம் வருகிறது. சவப்பெட்டி இல்லாததால், தகப்பன் ஹெக்டரின் கேடயத்திலேயே கிடத்தச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள் தாய். அடிமையாகப் போகிற பெண்கள் தங்களிடம் மிஞ்சிய துணியையும் நகையையும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். ஹெக்குபா பேரனை அலங்கரித்து அனுப்பிவைக்கிறாள். பிறகு பெண்கள் எல்லோரும் மண்ணில் மண்டியிட்டு, கையால் தரையை அடித்து, இறந்தவர்களைக் கூப்பிடுகிறார்கள். ஊர் இடிந்து விழுகிறது. எழுந்து கப்பலை நோக்கி நடக்கிறார்கள். அதோடு நாடகம் முடிகிறது.

இதை எழுதினவர் தோற்ற ஊர்க்காரர் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். அதற்கு முந்தைய வருஷம், கி.மு. 416-இல், அவருடைய சொந்த நகரமான ஏதென்ஸ், மீலோஸ் என்ற சின்னத் தீவை முற்றுகையிட்டது. தீவு பணிந்ததும் ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றது. அந்தச் சூடு ஆறுவதற்குள் 'தோற்ற வீட்டுப் பெண்ணைப் பாருங்கள்' என்று தன் ஊர்க்காரர்களையே உட்கார வைத்துக் காட்டியிருக்கிறார். போட்டியில் இந்த நாடகத் தொகுதிக்கு இரண்டாம் பரிசுதான் கிடைத்தது.

அந்தக் காலத்துக் கிரேக்க மேடையில் பெண்கள் நடிப்பதில்லை. ஹெக்குபாவும் ஆண்ட்ரோமக்கியும் முகமூடி போட்ட ஆண்கள்தான். அந்த வார்த்தைகளை உண்மையிலேயே ஊரையும் வீட்டையும் இழந்த பெண்கள் தங்கள் வாயால் பேசினால் எப்படி இருக்கும்?

அம்மான் நகரத்தில் ஓர் ஒத்திகை

2011 மார்ச்சில் சிரியாவில் கிளர்ச்சி ஆரம்பித்தது. அரசாங்கம் அதை அடக்கப் போய், உள்நாட்டு யுத்தமாக முற்றியது. குண்டுக்குப் பயந்து ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்டினார்கள். 2013 முடிவதற்குள் பக்கத்து நாடான ஜோர்டானில் மட்டும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அகதிகளாகப் பதிவு செய்திருந்தார்கள். எல்லோரும் கூடாரத்தில் இருந்தார்கள் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலோர் ஊர்களில், நகரங்களில் வாடகைக்கு இடம் பிடித்துத்தான் இருந்தார்கள். அந்த வாழ்க்கையை நம்மால் ஊகிக்க முடியும். தெரியாத தெரு, தெரியாத கடைக்காரர், வேலைக்குப் போக அனுமதி இல்லாத புருஷன், நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற பெண்.

அந்த வருஷம் இலையுதிர் காலத்தில், ஜோர்டான் தலைநகரான அம்மானில் இப்படிப்பட்ட சிரியப் பெண்கள் ஐம்பது பேர் ஒரு நாடகப் பட்டறையில் ஒன்றுசேர்ந்தார்கள். நடத்தியவர் ஒமர் அபுசாதா என்ற சிரிய இயக்குநர். கிராமங்களில் ஜனங்களோடு சேர்ந்து நாடகம் போட்ட அனுபவம் அவருக்கு உண்டு. வந்தவர்கள் நடிகைகள் அல்ல. குடும்பத் தலைவிகள், இளம் தாய்மார்கள், பாட்டிகள். அவர்கள் கையில் எடுத்ததுதான் யூரிப்பிடிஸின் 'டிராய் நகரத்துப் பெண்கள்', அரபு மொழியில்.

எப்படிச் செய்தார்கள் தெரியுமா? 'உன் கஷ்டத்தைச் சொல்லு' என்று யாரையும் எடுத்த எடுப்பில் கேட்கவில்லை. முதலில் நாடகத்தைப் படித்தார்கள். அதில் வருகிற பெண்களைப் பற்றிப் பேசினார்கள். இந்த ஹெக்குபா செய்தது சரியா? ஆண்ட்ரோமக்கி வேறு என்ன செய்திருக்கலாம்? ஹெலனை மன்னிக்கலாமா? நாம் டி.வி. சீரியலில் வருகிற மருமகளைப் பற்றி விவாதிப்போமே, அப்படித்தான். பேசப் பேச, ஹெக்குபாவைப் பற்றிச் சொல்வது கொஞ்சம் கொஞ்சமாகத் தங்களைப் பற்றிச் சொல்வதாக மாறியது. அந்த வார்த்தைகளையும் எழுதி, பழைய வசனங்களோடு சேர்த்துக் கோத்து நாடகமாக்கினார்கள். 2013 டிசம்பரில் அம்மானில் அது மேடையேறியது.

யாஸ்மின் ஃபெத்தா என்ற பெண் இயக்குநர் இந்த ஒத்திகைகளைப் படம் பிடித்து, 'சிரியாவின் ராணிகள்' என்ற பெயரில் 2014-இல் ஆவணப்படமாக வெளியிட்டார். ஏன் 'ராணிகள்'? ஹெக்குபா ஒரு தேசத்துக்கு ராணி. இந்தப் பெண்கள் தங்கள் வீட்டுக்கு ராணிகள். அவளுடைய அரண்மனை போன மாதிரிதான் இவர்களுடைய சமையலறையும், கொடியில் காய்ந்த துணியும், முற்றத்துச் செடியும் போயின. அரண்மனை பெரிசு, அடுக்களை சிறிசு என்று துக்கத்துக்குத் தெரியுமா என்ன?

எதிர்வீட்டு அக்காவின் பீரோ கீழ்த்தட்டு எனக்கு ஞாபகம் வந்தது.

முகத்தைக் காட்டலாமா?

நாடகம் போட்டார்கள், கண்ணீர் விட்டார்கள், கவலை தீர்ந்தது என்று எழுதிவிட்டால் அது பொய்யாகிவிடும். அவர்களுடைய பாடு அவ்வளவு சுலபம் இல்லை.

முதல் பயம், ஊரில் இன்னும் இருக்கிற சொந்தக்காரர்களைப் பற்றியது. 'நான் இங்கே மேடையில் ஏறிப் பேசினால், அங்கே என் தம்பிக்கு ஏதாவது ஆகிவிடுமோ?' முகம் தெரியலாமா, பெயர் தெரியலாமா என்று ஒவ்வொருத்தியும் யோசிக்க வேண்டியிருந்தது. அடுத்தது வீட்டு எதிர்ப்பு. 'நம்ம குடும்பத்துப் பொண்ணு மேடையில ஏறுறதா?' என்ற கேள்வி நமக்குப் புதிதா என்ன? சிலர் பாதியிலேயே விலகிவிட்டார்கள். விலகினவர்களைக் கோழைகள் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு பெண் வாயைத் திறப்பதற்கு என்னென்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை அவரவர் வீட்டுக் கணக்குதான் சொல்லும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. அகதிப் பெண்களின் நிஜத் துக்கத்தை மேடையேற்றி மற்றவர்கள் பார்ப்பது தர்மமா? சோகத்தைக் காட்சிப் பொருளாக்குகிறோமா? நியாயமான கேள்விதான். எனக்குத் தோன்றுகிற பதில் இது: எதைச் சொல்வது, எதை மறைப்பது, எப்போது நிறுத்துவது என்ற கடிவாளம் அந்தப் பெண்ணின் கையிலேயே இருந்தால் அது அவளுக்குப் பலம். கடிவாளம் பார்க்கிறவர்கள் கைக்குப் போய்விட்டால், மறுபடியும் தூதன் வந்து பெயர் வாசிக்கிற கதைதான்.

நாடகம் அவர்களுக்கு வீடு கட்டிக் கொடுக்கவில்லை. ஆனால் அந்த வாரங்களில் அவர்களுக்குப் போக ஓர் இடம் இருந்தது. ஒன்றாக உட்கார இன்னும் சில பெண்கள் இருந்தார்கள். 'நீ சொல்றது எனக்குப் புரியுது' என்று தலையாட்ட ஒருத்தி இருந்தாள். கிரேக்க நாடகத்தில் நாயகிக்குப் பின்னால் ஒரு கூட்டம் நின்று, அவள் அழுதால் தானும் அழுது, அவள் கேட்டால் பதில் சொல்லும். நம் பக்கம் பின்பாட்டு என்பார்களே, அதுபோல. ஹெக்குபாவைத் தரையிலிருந்து எழுப்பியது அந்தக் கூட்டம்தான் என்று எனக்குப் படுகிறது. அம்மானிலும் அப்படித்தான்.

அந்தப் பாதை அதோடு நிற்கவும் இல்லை. ஒமர் அபுசாதாவும் நாடகாசிரியர் முகம்மது அல் அத்தாரும் 2014-இல் லெபனான் நாட்டு பெய்ரூட்டில் 'ஷத்தீலாவின் ஆன்டிகனி' நாடகத்தைப் போட்டார்கள். செத்துப்போன அண்ணனுக்குச் சவஅடக்கம் செய்யக்கூடாது என்று ராஜா தடுத்தபோதும், மீறிப் போய் மண் போட்டவள் ஆன்டிகனி. அந்த வேஷத்தையும் அகதி முகாம்களில் இருந்த பெண்களே ஏற்றார்கள். 2016 ஜூலையில், அம்மான் நாடகத்தின் புது வடிவம் ஸோயி லாஃபர்ட்டி என்ற பெண் இயக்குநரின் கையில் லண்டன் யங் விக் அரங்குக்குப் போயிற்று. 2017-இல் பெர்லினில் 'இஃபிஜீனியா'. யுத்தத்துக்குக் கப்பல் புறப்படக் காற்று வேண்டும் என்பதற்காகத் தகப்பனே பலி கொடுத்த பெண் அவள். அவளாக நடிக்கத் தேர்வுக்கு வருகிற சிரிய இளம் பெண்கள் தங்களைப் பற்றிப் பேசுவதுதான் அந்த நாடகம். அது நடந்த இடம் பழைய டெம்பல்ஹோஃப் விமான நிலையம். அதே விமானக் கொட்டகைகளில்தான் அகதிகளையும் தங்க வைத்திருந்தார்கள்.

2024 டிசம்பரில் சிரியாவின் பழைய ஆட்சி கவிழ்ந்தது. அதன் பிறகு வெளிநாடுகளிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊர் திரும்பியிருக்கிறார்கள். பலருக்குக் காத்திருப்பது இடிந்த சுவர்தான். ஹெக்குபா பேரனுக்காக ஆசைப்பட்ட அந்த வேலை, ஊரைத் திரும்பக் கட்டுகிற வேலை, இப்போது அந்தப் பெண்களின் கையில் இருக்கிறது.

பழைய கதை எதற்கு?

நேராகத் தன் கதையையே சொல்லிவிடலாமே, நடுவில் ராஜா ராணி எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் அக்காவைத்தான் நான் பதிலாகக் காட்டுவேன். அழுகை வந்தபோது அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார் அல்லவா? பழைய கதையும் அப்படி ஒரு முந்தானைதான். அதற்குள்ளே இருந்து அழலாம். 'நான் சந்திரமதிக்காக அழுகிறேன்' என்று சொல்லிக்கொள்ளலாம். தைரியம் வந்தபோது முந்தானையை விலக்கிக்கொள்ளலாம்.

உலகத்தில் பல இடங்களில் இதை உணர்ந்திருக்கிறார்கள். ஜப்பானில் ததாஷி சுசூகி என்ற இயக்குநர் 1974-இல் இதே 'டிராய் நகரத்துப் பெண்கள்' நாடகத்தைப் போட்டார். இரண்டாம் உலக யுத்தத்தில் பாழான இடத்தில், மூட்டை முடிச்சோடு ஒரு கிழவி உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய நினைப்பில் டிராய் நகரம் விரிகிறது. அவளே ஹெக்குபாவாகிறாள். தங்கள் நாட்டின் பழைய 'நோ', 'கபூக்கி' நாடக முறைகளை எடுத்துக்கொண்டு அவர் புதுசாக இதைச் செய்தார்.

நம் ஊரிலும் நடந்திருக்கிறது, சகோதரிகளே. தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத் துறையில் பேராசிரியராக இருந்த சே. இராமானுஜம், இந்தக் கிரேக்க நாடகத்தைத் தழுவி 'வெறியாட்டம்' என்ற தமிழ் நாடகத்தை உருவாக்கினார். ராணிகளின் புலம்பலுக்கு அவர் எடுத்துக்கொண்டது என்ன தெரியுமா? ஒப்பாரி! படிப்பறிவில்லாத கிழவிகள் மார்பில் அடித்துக்கொண்டு பாடுகிறார்களே என்று நாம் முகம் சுளிக்கிற அதே ஒப்பாரிதான். ஹெக்குபாவுக்கு அது அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்திவிட்டது.

யோசித்துப் பார்த்தால் ஒப்பாரியிலும் இந்த எல்லாமே இருக்கிறது. சுற்றி உட்காருகிற கூட்டம் இருக்கிறது. போனவரை ராஜா என்றும் தேர் என்றும் பாடுகிற கதை இருக்கிறது. செத்தவருக்காக அழ ஆரம்பித்து, இடையிலே தன் பொறந்த வீட்டுக் குறையையும் சேர்த்துப் பாடிவிடுகிற சாமர்த்தியமும் இருக்கிறது. நம் பாட்டிமார்கள் அதை வைத்துத்தான் மனபாரத்தை இறக்கியிருக்கிறார்கள். நாகரிகம் என்று சொல்லி அதை நிறுத்திவிட்டோம். அதற்குப் பதிலாக எதைக் கொடுத்தோம்? 'உயிர் தப்பிச்சதே பெரிசு' என்ற ஒரு வரியைத்தானே!

நம் வாசலுக்கு ஒருத்தி வந்தால்

நம்மால் நாடகம் போட முடியாது. வேண்டியதும் இல்லை. ஆனால் வெள்ளமோ, தீயோ, சாவோ, ஏதோ ஒன்றில் எல்லாம் இழந்த ஒருத்தி நம் தெருவிலும் இருக்கத்தான் செய்கிறாள். அவளுக்காக நாம் செய்யக்கூடியவை சில:

1. 'மறந்துடு', 'அழாதே', 'உன்னைவிடக் கஷ்டப்பட்டவங்க இல்லியா' என்ற மூன்றையும் வாயிலிருந்தே எடுத்துவிடுங்கள். பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்தாலே பாதி உதவி.

2. அதற்காகத் துருவித் துருவிக் கேட்கவும் வேண்டாம். 'என்ன நடந்துச்சு, முழுசா சொல்லு' என்று வற்புறுத்தினால் புண்ணைக் கிளறியதாகத்தான் ஆகும். உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட மனநல முதலுதவிக் கையேடும் இதைத்தான் சொல்கிறது. அதன் சாரம் மூன்றே சொல்: பார், கேள், சேர்த்துவிடு. என்ன தேவை என்று பாருங்கள். சொன்னால் கேளுங்கள். உதவி கிடைக்கிற இடத்தோடு சேர்த்துவிடுங்கள்.

3. முதலில் வயிறு, பிறகு தூக்கம். இரண்டு வேளை சோறு கட்டிக் கொடுங்கள். கைக்குழந்தை இருந்தால் இரண்டு மணி நேரம் வாங்கி வைத்துக்கொண்டு, அவளைக் கண்ணயரச் சொல்லுங்கள். பால் கொடுக்கிற தாயாக இருந்தால் அவளுடைய சாப்பாட்டையும் தண்ணீரையும் கவனிக்க ஒருவர் கட்டாயம் வேண்டும்.

4. போனவர்களின் பெயரைச் சொல்லப் பயப்படாதீர்கள். பெயரை எடுத்தால் அழுவாளே என்று நாம் ஒதுங்குகிறோம். நாம் சொல்லாவிட்டாலும் அவளுக்கு அந்த நினைப்புதான். யாராவது சொன்னால் ஆறுதலாகத்தான் இருக்கும்.

5. கைக்கு ஒரு வேலை கொடுங்கள். ஹெக்குபாவுக்குப் பேரனை அலங்கரிக்கிற காரியமாவது இருந்தது. பூ தொடுப்பது, தைப்பது, குழந்தைகளுக்குப் பாடம் சொல்வது என்று எதுவானாலும் சரி. அவள் எடுத்து முடிக்கிற காரியமாக இருக்கட்டும்.

6. கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். பஜனை, கதை, சுய உதவிக் குழு, தையல் வகுப்பு எதுவானாலும், 'வரீங்களா?' என்று ஒரு தடவை கேட்டு விட்டுவிடாமல், போகிற வழியில் கூட்டிக்கொண்டு போங்கள்.

7. அழுவது வியாதி இல்லை. ஆனால் வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, அன்றாட வேலை ஓடவில்லை, குழந்தையைக் கையில் எடுக்கவே மனசில்லை என்றால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். 'இருந்து என்ன பிரயோஜனம்' என்கிற மாதிரி பேச்சு வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள், தனியாகவும் விடாதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

எதிர்வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் நீங்கள் விடமாட்டீர்கள். அன்றைக்குக் கோயிலிலிருந்து வந்து எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து, அந்தப் பிள்ளையின் பெயரைச் சொன்னார். அவன் முதலில் பேசின வார்த்தை, அவனுக்குப் பிடித்த சொப்பு, காய்ச்சல் வந்த அந்த ராத்திரி என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லை. காப்பி மட்டும் கலந்து கொடுத்தேன். போட்டோ போனது போனதுதான், திரும்ப வராது. ஆனால் இப்போது அவன் எப்படி இருப்பான் என்று அவருக்கு மட்டும் அல்ல, எனக்கும் தெரியும். வருஷா வருஷம் ஆவணி மாதம் அவன் பிறந்த நாளுக்குப் பால் பாயசம் செய்து, எங்கள் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புகிறார்.

உங்கள் தெருவிலும் பேசாமல் வீட்டைக் கழுவிக்கொண்டிருக்கிற ஒருத்தி இருப்பாள். 'தைரியசாலி' என்று மெச்சிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.